முதல் போக்கர் டோர்னமென்ட் ஆடப் போறீங்களா? கார்டை விட ஸ்டாக்கை (கையில மிச்சம் இருக்கற சிப்ஸை) பாருங்க

வீட்ல ஃப்ரெண்ட்ஸோட சும்மா சிப்ஸ் வச்சு டெக்ஸாஸ் ஹோல்டம் (கையில ரெண்டு கார்டு, நடுவுல அஞ்சு பொதுக் கார்டு வச்சு ஆடுற போக்கர்) ஆடிப் பழகியாச்சு, யாரு எப்ப ப்ளஃப் அடிப்பான்னு கூட புரிய ஆரம்பிச்சாச்சு, இனிமே ஒரு நிஜ டோர்னமென்ட்ல போய் உக்காந்து பாக்கலாம்னு தோணுதுல்ல, அவங்களுக்காகத் தான் இத எழுதுறேன். நான் ப்ரொஃபஷனல் கிடையாது, வேலைக்குப் போயிட்டு லீவு கிடைக்கும்போது சின்ன பை-இன் (நுழைவுக் காசு) டோர்னமென்ட் ஆடுற ஆளு, ஆனா இந்த கேம் மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு. புதுசா வர்றவங்க நிறைய பேர் நல்ல கார்டு வரும் வரும்னு காத்திருந்தே கரைஞ்சு வெளிய போறத பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அவங்களுக்கு ஆட்டம் தெரியாம இல்ல, டோர்னமென்ட்னா அது வேற ஆட்டம்னு யாரும் சொல்லலை, அவ்ளோ தான்.

முதல்ல எங்க ஆடுறதுங்கற விஷயம். 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல பாஸ் பண்ண ஆன்லைன் கேமிங் சட்டத்துக்கு அப்புறம் இந்தியாவுல காசு கட்டி ஆன்லைன்ல போக்கர் ஆட வழி கிடையாது, யாராவது டெலிகிராம்ல லிங்க் அனுப்பி வெளிநாட்டு ஆப்னு கூப்பிட்டா அந்தப் பக்கமே போகாதீங்க. காசில்லாத ப்ளே மணி ஆப் இருக்கு, ப்ராக்டிஸுக்கு அது போதும். லைவ் டோர்னமென்ட்னா நம்ம ஆளுங்க பெரும்பாலும் போறது கோவாவுக்கு, பணஜியில மாண்டோவி ஆத்துல நிக்கிற கேசினோ கப்பலுங்க, ஜெட்டியில இருந்து சின்ன போட்ல ஏத்திட்டுப் போவாங்க. 21 வயசு ஆகியிருக்கணும், போட்டோ ஐடி ஒரிஜினல் கையில வேணும், ஜெயிச்சா தேவைப்படும்னு பான் கார்டையும் எடுத்துக்கோங்க. சில இடத்துல ஆம்பளைங்களுக்கு ஷார்ட்ஸ், ரப்பர் செருப்புனா உள்ள விட மாட்டாங்க. உள்ள ஏசி பயங்கரமா இருக்கும், ஏழெட்டு மணி நேரம் ஒரே சேர்ல உக்காரணும், அதனால ஒரு ஃபுல் ஹேண்ட் ஷர்ட்டோ ஜாக்கெட்டோ கண்டிப்பா வேணும், இத யாரும் சொல்ல மாட்டாங்க.

மூணு சீட்டு ஆடி வந்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க சீக்வென்ஸ் கலரை அடிக்கும், போக்கர்ல அது தலைகீழ், ஃப்ளஷ் (கலர்) தான் ஸ்ட்ரெய்ட்டை (சீக்வென்ஸை) விட பெருசு. சின்ன வயசுல இருந்து கல்யாண வீட்ல மூணு சீட்டு ஆடின கை இருக்கே, அது டென்ஷன்ல பழைய ஆர்டருக்குத் தான் போகும், அதனால ரெண்டு நாள் சும்மா கட்டைப் பிரிச்சு அஞ்சு அஞ்சு கார்டா போட்டுப் பாத்து எது எதை அடிக்கும்ங்கற வரிசையை மனசுல ஏத்திக்கோங்க.

என்ட்ரி கட்டுறதுக்கு முன்னாடி

போர்டுல 5,000 + 500-னு போட்டிருந்தா, அந்த 5,000 பரிசுப் பணத்துக்குப் போகுது, 500 ஹவுஸ் (கேசினோ) எடுத்துக்குது. சின்ன பை-இன்ல இந்த ஃபீஸோட பங்கு அதிகமா இருக்கும், அத கணக்குப் போட்டுப் பாருங்க. அடுத்து ஸ்ட்ரக்சர் ஷீட் கேளுங்க, கேட்டா கொடுப்பாங்க, இல்லனா ஸ்க்ரீன்ல ஓடும். அதுல மூணு விஷயம் பாருங்க: ஆரம்பத்துல எவ்ளோ சிப்ஸ், முதல் பிளைண்ட் (கார்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடுற சிப்ஸ், ஸ்மால், பிக்னு ரெண்டு அளவு) எவ்ளோ, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு லெவல் (அதாவது பிளைண்ட் ஏறுற இடைவெளி). 20,000 சிப்ஸ், 100/200 பிளைண்ட்னா உங்க கிட்ட 100 பிக் பிளைண்ட் இருக்குன்னு அர்த்தம், நல்ல ஆரம்பம். அதே 20,000 சிப்ஸ் கொடுத்து லெவல் 10 நிமிஷம்னா அது டர்போ, அங்க யோசிச்சு ஆடுறதுக்கு இடமே இருக்காது, புதுசா போறவங்க 20 நிமிஷமோ 30 நிமிஷமோ இருக்கறதாப் பாத்துப் போறது நல்லது.

ரீ-என்ட்ரி (அவுட் ஆனா மறுபடி காசு கட்டி உள்ள வர்றது) உண்டானு கேட்டுக்கோங்க. உண்டுன்னா, வீட்ல இருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணிடுங்க, ஒண்ணா ரெண்டானு. அவுட் ஆன அடுத்த நிமிஷம் மூளை சொல்றத நம்பி கவுண்டருக்குப் போகக் கூடாது, அந்த நேரத்துல யாருக்குமே நிதானம் இருக்காது. கட்டுற காசு கட்டின நிமிஷமே செலவாயிடுச்சுன்னு நினைக்க முடியற அளவுக்கு மட்டும் கட்டுங்க, கடன் வாங்கியோ கிரெடிட் கார்டு தேச்சோ உக்காந்தீங்கன்னா ஒரு சரியான ஃபோல்ட் (கார்டைப் போட்டுட்டு விலகுறது) கூட உங்களால பண்ண முடியாது, பயம் தான் ஆடும். அப்புறம் ஒண்ணு, டோர்னமென்ட் சிப்ல 5,000-னு எழுதியிருந்தா அது 5,000 ரூபாய் இல்ல, நடுவுல எழுந்து போய் மாத்தவும் முடியாது, கடைசி வரைக்கும் ஆடி பரிசு இடத்துக்கு வந்தா தான் காசு.

டேபிள்ல நடந்துக்கற முறை

இந்த இடத்த கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா வீட்டு ஆட்டத்துக்கும் லைவுக்கும் பெரிய வித்தியாசமே இங்க தான், இது கைக்கு வந்துட்டா தான் மூளை ஆட்டத்துக்கு ஃப்ரீ ஆகும்.

முன்னாடி பெட் இருக்கும்போது எதுவும் சொல்லாம ஒரு சிப்பை மட்டும் போட்டா அது கால் (முன்னாடி வச்ச தொகைக்கு சமமா வைக்கறது) தான். ஒரு தடவை எனக்கு அடுத்த சீட்ல இருந்த தம்பி, பிளைண்ட் 200/400, முன்னாடி ஒருத்தர் 1,200-க்கு ரெய்ஸ் (தொகையை ஏத்துறது) பண்ணியிருக்காரு, இவர் வாயைத் திறக்காம ஒரே ஒரு 5,000 சிப்பை தூக்கிப் போட்டாரு. மனசுல ரெய்ஸ். டீலர் "கால்"னு சொல்லி 3,800 மீதி சிப்ஸை அவர் முன்னாடி தள்ளிட்டாரு. பெரிய சிப் ஒண்ண சொல்லாம போட்டா அது கால்னு தான் ரூல், உலகம் முழுக்க டோர்னமென்ட்ல இதே தான். பின்னாடி ரெண்டு பேர் சும்மா விலை சரியா இருக்கேன்னு கால் பண்ணி உள்ள வந்தாங்க, ஃப்ளாப்ல (முதல்ல திறக்கற மூணு பொதுக் கார்டுல) ஏஸ் விழுந்துச்சு, தம்பி கையில இருந்த ரெண்டு குயினையும் ஃபோல்ட் பண்ண வேண்டியதாப் போச்சு. அதனால எப்பவும் வாயால சொல்லிட்டு அப்புறம் சிப்ஸை எடுங்க. "ரெய்ஸ், மூவாயிரம்". சொன்னா அது கட்டாயம், மாத்த முடியாது, அது உங்களுக்கு நல்லது தான், குழப்பமே வராது.

ரெண்டு தவணையா சிப்ஸ் வைக்கக் கூடாது, அதுக்குப் பேரு ஸ்ட்ரிங் பெட். முதல்ல கால் அளவு வச்சுட்டு கை திரும்ப ஸ்டாக்குக்குப் போய் இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வந்தா, முதல்ல வச்சது மட்டும் தான் செல்லும். உங்க முறை வர்ற வரைக்கும் ஃபோல்ட் கூட பண்ணாதீங்க, உங்களுக்கு முன்னாடி இருக்கறவருக்கு அது இலவசமா கிடைக்கற தகவல், மத்தவங்களுக்கு அநியாயம். கார்டு மேல ஒரு சிப்பை வச்சுக்கோங்க, குறிப்பா டீலருக்குப் பக்கத்து சீட்டுன்னா. பாதுகாப்பு இல்லாத கார்டை டீலர் தெரியாம வாரி எடுத்துட்டாருன்னா அந்த ஹேண்ட் (அந்தத் தடவை ஆட்டம்) உங்களுக்கு செத்தது தான். ஆல் இன் (மொத்த சிப்ஸையும் வைக்கறது) ஆகி எதிராளி கால் பண்ணா ரெண்டு கார்டையும் திருப்பி வைங்க, ஜெயிச்ச சிப்ஸ் உங்க பக்கம் வர்ற வரைக்கும் கார்டை டீலர் கிட்ட தள்ளாதீங்க. பெரிய சிப்ஸ் எப்பவும் ஸ்டாக்குக்கு முன்னாடி தெரியற மாதிரி இருக்கணும், டேபிள் மாத்தினா சிப்ஸை எல்லாரும் பாக்கற மாதிரி கையிலயோ ட்ரேயிலயோ எடுத்துட்டுப் போகணும், பாக்கெட்ல போடவே கூடாது.

ஃப்ரெண்ட்ஸோட கூட்டமா போறவங்களுக்கு முக்கியமா ஒண்ணு. ஒரே டேபிள்ல ரெண்டு தமிழ் ஆளுங்க மாட்டினா, ஹேண்ட் ஓடும்போது தமிழ்ல பேசாதீங்க. நீங்க டீ குடிக்கலாமான்னு தான் கேட்டிருப்பீங்க, ஆனா எதிர்ல இருக்கறவருக்கு அது தெரியாது, அவரு காசு கட்டி உக்காந்திருக்காரு. ஃப்ளோர் ஆளை (டோர்னமென்ட்ட மேற்பார்வை பாக்கறவரை) கூப்பிட்டா உங்களுக்கு பெனால்டி கிடைக்கலாம். அதே மாதிரி நண்பனாச்சேன்னு அவன் மேல பெட் பண்ணாம விட்டுக் கொடுக்கறதும் தப்பு, மத்தவங்களை ஏமாத்தற மாதிரி தான் அது. டேபிள்ல உக்காந்துட்டா எல்லாருமே எதிராளி, வெளிய வந்து சேர்ந்து சாப்பிடுங்க.

எதாவது சரியில்லன்னு தோணுச்சுன்னா வாதாடாதீங்க, "ஃப்ளோர் ப்ளீஸ்"னு சொல்லுங்க, அவங்க வந்து தீர்ப்பு சொல்லுவாங்க, தீர்ந்தது.

இப்ப ஆட்டம்

லைவ் டேபிள்ல ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 25, 30 ஹேண்ட் தான் ஓடும். 20 நிமிஷ லெவல்னா ஒரு லெவலுக்கு ஒம்போது பத்து ஹேண்ட், அதாவது ஒம்போது பேர் டேபிள்ல பட்டன் (ஒவ்வொரு ஹேண்டுக்கும் ஒரு சீட் நகர்ற அடையாளம், அது யாரு முன்னாடி இருக்கோ அவர் ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா பேசுவாரு) ஒரு சுத்து வர்றதுக்குள்ள பிளைண்ட் ஏறிடுது. மேல சொன்ன 20,000 சிப்ஸோட ஆரம்பிச்சு ஒம்பதாவது லெவலுக்கு வந்தா பிளைண்ட் 1,000/2,000 பக்கம் இருக்கும், அதுக்குள்ள நீங்க பாத்திருக்கப் போறது 75, 80 ஹேண்ட். இப்ப கணக்கு பாருங்க: ரெண்டு ஏஸ் வர்றது 221-ல ஒரு தடவை. ஏஸ்-கிங் 83-ல ஒண்ணு. ஏதோ ஒரு ஜோடி, ரெண்டு ரெண்டுல இருந்து எல்லாம் சேத்து, 17-ல ஒண்ணு. அப்போ மூணு மணி நேரம் ஏஸ் ஜோடிக்காகக் காத்திருந்தா அது வராமலே போறதுக்குத் தான் சான்ஸ் அதிகம், ஆனா பிளைண்ட் வெயிட்டிங்ல நிக்கிற ஆட்டோ மீட்டர் மாதிரி நீங்க சும்மா உக்காந்திருந்தாலும் ஓடிட்டே இருக்கும்.

அதனால உங்க ஸ்டாக்கை சிப்ஸ் எண்ணிக்கையில நினைக்கறத முதல் நாள்ல இருந்தே விட்டுடுங்க, பிக் பிளைண்ட்ல வகுத்து நினைங்க. 20,000-னு பாத்தா நிறைய இருக்கற மாதிரி தெரியும், 1,000/2,000-ல அது வெறும் 10 பிக் பிளைண்ட். இப்பல்லாம் பெரும்பாலான இடத்துல பிக் பிளைண்ட்ல இருக்கறவரே மொத்த டேபிளுக்கும் ஆன்ட்டி (பிளைண்டுக்கு மேல கட்டாயமா போடுற சிப்ஸ்) போடுற முறை தான், அப்போ ஒரு சுத்துக்கு 1,000 + 2,000 + 2,000, மொத்தம் 5,000 போகும். உங்க கிட்ட நாலு சுத்துக்குத் தான் உயிர் இருக்கு. ஒவ்வொரு லெவல் மாறும்போதும் மனசுக்குள்ள இந்த வகுத்தல ஒரு தடவை போட்டுடுங்க, பழகிட்டா ரெண்டு செகண்ட் வேலை.

40, 50 பிக் பிளைண்டுக்கு மேல இருக்கும்போது அவசரமே இல்ல. முன்னாடி சீட்ல, அதாவது பிக் பிளைண்டுக்கு அடுத்தடுத்து இருக்கும்போது, நல்ல ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின் மாதிரி இருந்தா மட்டும் வாங்க, பட்டனுக்குப் பக்கத்துல வர வர கொஞ்சம் கொஞ்சமா விரிச்சுக்கலாம். கடைசியா பேசறவருக்கு மத்த எல்லாரும் என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சுடும், போக்கர்ல அத விட பெரிய பலம் எதுவும் இல்ல, அதே ஜாக்-டென் முன்னாடி சீட்ல குப்பை, பட்டன்ல நல்ல கை. உள்ள வந்தா ரெய்ஸ் பண்ணி வாங்க, ரெண்டு ரெண்டரை பிக் பிளைண்ட் போதும், சும்மா கால் பண்ணி உள்ள நுழையற பழக்கம் வீட்டு ஆட்டத்தோட போகட்டும். சின்ன ஜோடி வச்சுக்கிட்டு ஒரு ரெய்ஸைக் கால் பண்ணலாமானு கேட்டா, ஃப்ளாப்ல அது மூணாகறது எட்டரை தடவைக்கு ஒரு தடவை தான், அதனால நீங்க போடுற தொகைக்கு 15, 20 மடங்காவது ரெண்டு பேர் ஸ்டாக்லயும் பாக்கி இருந்தா தான் அது லாபம், இல்லனா விட்டுடுங்க.

10, 12 பிக் பிளைண்டுக்கு இறங்கிட்டா ஆட்டம் வேற. இங்க ரெய்ஸ் பண்ணிட்டு அப்புறம் ஃபோல்ட் பண்ண உங்க கிட்ட சிப்ஸ் இல்ல, ஆல் இன் இல்லனா ஃபோல்ட், ரெண்டே வழி. உங்களுக்கு முன்னாடி எல்லாரும் ஃபோல்ட் பண்ணி பட்டன்ல உங்க கிட்ட வந்தா, எந்த ஜோடியும், எந்த ஏஸும், ரெண்டு படக் கார்டும் ஆல் இன் போகலாம். யாரும் கால் பண்ணலனா 5,000 சிப்ஸ் உங்களுக்கு, 20,000 இப்ப 25,000, ஒரு ஃப்ளாப் கூட பாக்காம கால் பங்கு ஏறியாச்சு. முன்னாடி சீட்ல இருந்து ஆல் இன் போகணும்னா பின்னாடி எட்டு பேர் இருக்காங்க, அங்க நடுத்தர ஜோடிக்கு மேல, ஏஸ்-ஜாக்குக்கு மேலன்னு இறுக்கிக்கோங்க. இன்னொருத்தர் ஆல் இன் போய் நீங்க கால் பண்றதுன்னா அத விடவும் நல்ல கை வேணும், ஏன்னா போறவருக்கு ரெண்டு வழியில ஜெயிக்கலாம், எல்லாரும் ஃபோல்ட் பண்ணாலும் ஜெயிப்பு, கால் வந்து கார்டு நல்லா விழுந்தாலும் ஜெயிப்பு, கால் பண்ற உங்களுக்கு ரெண்டாவது வழி மட்டும் தான்.

4, 5 பிக் பிளைண்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அப்போ நீங்க ஆல் இன் போனாலும் யாரும் பயந்து ஃபோல்ட் பண்ண மாட்டாங்க, உங்க ஆயுதமே போயிடும். அதுக்காக அந்த நிலைமைக்கு வந்துட்டா எழுந்து போயிடவும் வேணாம். 1982 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்ல ஜாக் ஸ்ட்ராஸ்னு ஒரு ஆட்டக்காரர் எல்லாம் போச்சுன்னு நினைச்சு எழுந்தப்ப டேபிள்ல ஒரே ஒரு சிப் மிச்சம் இருந்ததாகவும், அதுல இருந்து ஏறி அவர் அந்த மெயின் ஈவன்ட்டையே ஜெயிச்சதாகவும் போக்கர் ஆடுறவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க.

ட்ரா வந்தா என்ன பண்றது

நாலு ஆட்டின் இருக்கு, இன்னும் ஒண்ணு வந்தா ஃப்ளஷ், இப்படி ஒரு கார்டுக்காகக் காத்திருக்கறது தான் ட்ரா. கட்டுல பாக்கி இருக்கற ஆட்டின் 9. ஒரு கார்டு தான் வரப் போகுதுன்னா ரெண்டால பெருக்குங்க, சுமாரா 18 சதவீதம், ரெண்டு கார்டும் பாக்கலாம்னா நாலால பெருக்குங்க, சுமாரா 36. நிஜக் கணக்கு கிட்டத்தட்ட இதே தான் வரும். இப்ப டர்ன்ல (நாலாவது பொதுக் கார்டு வந்தப்புறம்) பாட்ல (நடுவுல சேர்ந்திருக்கற சிப்ஸ்) 3,000 இருக்கு, எதிராளி 1,500 பெட் பண்றாருன்னா, நீங்க 1,500 போட்டு மொத்தம் 6,000 ஆகற பாட்டுக்கு ஆடுறீங்க, 25 சதவீதம் தேவை, உங்க கிட்ட இருக்கறது 20 கூட இல்ல, ஃப்ளஷ் வந்தா அவர் கிட்ட இன்னும் நல்லா வாங்க முடியும்னு நம்பிக்கை இல்லனா ஃபோல்ட். இந்தக் கணக்கு தெரியாம ஆட்டின் ஆட்டின்னு துரத்தி ஸ்டாக்கைக் கரைக்கறவங்க ஒவ்வொரு டேபிள்லயும் உண்டு.

அடி விழறதைப் பத்தியும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஏஸ் ஜோடி கிங் ஜோடியை ஜெயிக்கறது 82 சதவீதம் பக்கம். அதே மாதிரி 82 சதவீத ஆல் இன் மூணு தொடர்ந்து வந்தா, மூணையும் ஜெயிக்கற வாய்ப்பு 55 தான். ஒவ்வொரு தடவையும் சரியா ஆடியும் பாதி நேரம் கிட்ட வெளிய போவீங்க, இது டோர்னமென்ட்டோட அமைப்பு, டீலர் மேலயோ உங்க நேரத்து மேலயோ பழி போட ஒண்ணும் இல்ல. டென் ஜோடிக்கு எதிரா ஏஸ்-கிங்னா கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுறது, ஜோடி பக்கம் சான்ஸ் கொஞ்சம் அதிகம், அவ்ளோ தான்.

பரிசுக்கு முன்னாடி ஒரு இடம்

வந்தவங்கள்ல சுமாரா எட்டுல இருந்து பத்துல ஒருத்தருக்குத் தான் பரிசு இருக்கும். ஆறு பேருக்குப் பரிசு, ஏழு பேர் மிச்சம், இது தான் பபிள். உங்க கிட்ட 18 பிக் பிளைண்ட், ஒருத்தர் கிட்ட வெறும் 2, டேபிள்ல பெரிய ஸ்டாக் வச்சிருக்கறவர் உங்க மேல ஆல் இன் போறாரு, உங்க கையில ஏஸ்-ஜாக். வேற நேரமா இருந்தா யோசிக்கலாம், இப்ப ஃபோல்ட். டபுள் ஆனா உங்க பரிசு டபுள் ஆகாது, ஏன்னா எல்லா சிப்ஸையும் ஜெயிக்கற முதல் ஆளுக்கே மொத்தப் பணத்துல மூணுல ஒரு பங்கு போல தான் கிடைக்கும், ஆனா தோத்தா உங்களுக்கு மொத்தமும் பூஜ்யம், அந்த ரெண்டு பிக் பிளைண்ட் ஆளுக்கு நீங்க பரிசு வாங்கிக் கொடுத்துட்டுப் போற மாதிரி. சிப்ஸோட மதிப்பை இப்படி பரிசுப் பணத்துல போட்டுப் பாக்கற கணக்கத் தான் ஐசிஎம்னு சொல்றாங்க. அதுக்காக நீங்களே பெரிய ஸ்டாக்னா அப்ப தான் அழுத்தணும், எல்லாரும் பயந்து உக்காந்திருக்கற நேரம் அது.

2003-ல க்ரிஸ் மணிமேக்கர்னு டென்னஸியைச் சேர்ந்த ஒரு அக்கவுன்டன்ட், 86 டாலர் ஆன்லைன் சாட்டிலைட்ல (ஜெயிச்சா பெரிய டோர்னமென்ட்ல இடம் கிடைக்கற சின்ன டோர்னமென்ட்) ஜெயிச்சு 10,000 டாலர் வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவன்ட்டுக்குப் போய், மத்த 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயிச்சாரு. அவருக்கு அது தான் முதல் லைவ் டோர்னமென்ட். இதப் படிச்சுட்டு நமக்கும் ஒரே நாள்ல நடக்கும்னு போகாதீங்க, இதுல எடுத்துக்க வேண்டியது சாட்டிலைட்ங்கற வழி தான், கோவாவுலயும் பெரிய சீரிஸ் நடக்கும்போது சின்ன காசுக்கு சாட்டிலைட் வைப்பாங்க, கையில 5,000 இருக்கறவர் 30,000 ரூபாய் டோர்னமென்ட்ல உக்கார நியாயமான வழி அது.

வெளிய வந்தப்புறம்

அவுட் ஆனா கை கொடுத்துட்டு எழுந்துடுங்க. கேசினோவுல போக்கர் ரூமை விட்டு வெளிய வந்தா நேரா ரூலட், பக்காரட், ஸ்லாட் எல்லாத்தையும் தாண்டித் தான் படிக்கட்டு வரும், போக்கர்ல நீங்க மத்த ஆளுங்களோட ஆடுறீங்க, அங்க ஹவுஸோட ஆடுறீங்க, கணக்கு எப்பவும் அவங்க பக்கம். அன்னைக்கு ராத்திரி தோத்ததை எடுக்கணும்னு அங்க உக்காந்து டோர்னமென்ட் ஃபீஸ் மாதிரி பத்து மடங்கை விட்டவங்களை எனக்குத் தெரியும், நல்லா போக்கர் ஆடுறவங்க அவங்க. மேல் டெக்குக்குப் போய் காத்து வாங்குங்க, சாப்பிடுங்க, போன்ல கடைசியா ஆடின ரெண்டு மூணு ஹேண்டை எழுதி வைங்க: எந்த லெவல், எத்தனை பிக் பிளைண்ட், எந்த சீட், என்ன கார்டு, என்ன பண்ணீங்க. மறுநாள் நிதானமா பாத்தா தான் அது தப்பா சரியானு தெரியும்.

ஃபைனல் டேபிள் வந்து மூணு நாலு பேர் மிச்சம் இருக்கும்போது "டீல் பண்ணிக்கலாமா"னு, அதாவது மிச்சப் பரிசைப் பேசிப் பிரிச்சுக்கலாமானு யாராவது கேப்பாங்க. ஸ்டாக் விகிதத்துல பிரிக்கறதா, ஐசிஎம் கணக்குலயானு கேளுங்க, டைரக்டரை ரெண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்க. பெரிய ஸ்டாக் வச்சிருக்கறவருக்கு முதல் கணக்கு சாதகம், சின்ன ஸ்டாக்குக்கு ரெண்டாவது. புடிக்கலனா வேணாம்னு சொல்லலாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. ஜெயிச்ச காசு 10,000 ரூபாயைத் தாண்டினா 30 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க, அதுக்குத் தான் பான் கார்டு, சர்டிஃபிகேட்டை மறக்காம வாங்கிக்கோங்க. உங்க சம்பளம் எந்த ஸ்லாப்ல இருந்தாலும் இந்த வருமானத்துக்கு அதே 30 தான், தோத்த டோர்னமென்ட்டோட என்ட்ரி ஃபீஸை இதுல கழிக்கவும் முடியாது, அதனால கட்டினது, வந்தது, பிளைட்டு, ரூம் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க, வருஷக் கடைசியில அந்த நோட்டைப் பாத்துட்டு அடுத்த வருஷம் எவ்ளோ ஒதுக்கலாம்னு முடிவு பண்ணுங்க.